காலர் மட்டும்

பதினெட்டு வருடமாக அவள் காலர் தைக்கிறாள். சட்டைக் கம்பெனியில் மூன்றாவது வரிசை, ஏழாவது மிஷின். ஒரு நாளைக்கு முன்னூறு காலர். தைத்ததும் நூலை நறுக்கி இடப்பக்கம் தள்ளிவிட்டால் அடுத்த மிஷின்காரி எடுத்துக்கொள்வாள். அது யார் கழுத்தில் ஏறுகிறது என்பது அவளுக்குத் தெரியாது. வீட்டில் மட்டும், கல்யாணமான புதிதில், "முழுச் சட்டையும் நான்தான்" என்று அளந்துவிட்டாள். புருஷன் இன்றுவரை அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்கிறான்.

அதனால்தான் நாத்தனார் வந்து, நூலக மாடியில் தையல் வகுப்பு, அவரவர் வீட்டுச் சட்டையை அவரவரே தைக்கலாம், உங்கள் பேரையும் கொடுத்துவிட்டேன் என்றதும் அவளுக்குப் பகீரென்றது.

"எனக்கெதுக்குடி வகுப்பு?"

"துணைக்கு வாங்க அண்ணி. நீங்கதான் புலியாச்சே."

புலி என்ற சொல் இடித்தது. கம்பெனியில் எவளாவது போட்டுக் கொடுத்திருப்பாளோ?

வகுப்பில் பத்துப் பேர். சொல்லிக்கொடுத்த பெண், "போட்டிருக்கிற துணியை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. எத்தனை பேர் தைச்சிருப்பாங்க?" என்றாள். கேள்வி தன்னைக் குறிவைத்தே வந்ததாக அவளுக்குப் பட்டது. நாத்தனார் வேறு ஓரக்கண்ணால் பார்த்தாள்.

துணி வெட்டுவதைப் பக்கத்து மேசையைப் பார்த்துச் சமாளித்தாள். தைக்கச் சொன்னதும் காலரோடு உட்கார்ந்தாள். முனை கத்தி மாதிரி நின்றது. சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவள் நூலை நறுக்கினாள். காலரை இடப்பக்கம் தள்ளினாள். அது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் மடியில் விழுந்தது. தள்ளியவள் கை அதற்குள் அடுத்த காலருக்காக நீண்டு, வெறும் மேசையைத் தடவியது.

"எங்கிட்ட ஏன் தள்றீங்க அண்ணி? மீதி?"

"மீதி தெரியாது."

வாயை விட்டுப் போய்விட்டது.

"காலர் மட்டுமா?"

"மட்டும்தான்."

சிரிப்பாள் என்று காத்திருந்தாள். நாத்தனார் அளவுக்காகக் கொண்டுவந்த தன் வீட்டுக்காரர் சட்டையை எடுத்துக் காலரை நெருடினாள். "இது நீங்க தைச்சதா?"

"சே! முனை கோணியிருக்கு பாரு. எவளோ சாப்பாட்டு மணிக்கு அவசரப்பட்டிருக்கா."

அந்த எவளோவைத் தேடுகிறவள் போல நாத்தனார் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்கண்ணன்கிட்ட சொல்லுவியா?"

"எதை?"

அது இரக்கமா, சமயத்துக்கு எடுக்க ஒளித்துவைத்த கத்தியா, பிடிபடவில்லை. அவள் எழுந்து போய், சொல்லிக்கொடுத்த பெண்ணிடம் சட்டைக்குக் கை பொருத்துவது எப்படி என்று கேட்டாள். நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் புருஷனுக்கு ஒரு முழுச் சட்டை தைத்தாக வேண்டும்.