சலோமியின் பத்து நிமிடம்

1985இல் காரைக்காலில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் யார் என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். ஊரில் இருந்ததே மூன்றோ நான்கோ மெஷின்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுத வந்தது சலோமியைப் பற்றி. என் அசிங்கத்தைத் தவிர்த்துவிட்டு அவள் கதையைச் சொல்ல முடியாது.

சலோமி விழிதியூர்ப் பெண். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். டாக்டர் வைத்தியலிங்கத்தின் கிளினிக்கில் தற்காலிக வேலை. நோயாளிகளின் அட்டைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தால் வேலை நிரந்தரம் என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு வருஷத்தில் ஆயிரத்தெண்ணூறு அட்டை. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதுவரை தட்டியிருந்தாள்.

87இல் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புதுப் பதிப்பு என் கைக்கு வந்தது.

"பழசெல்லாம் இதுல ஓடுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஓடும் சார்" என்றேன். ஓட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் பொறுத்துச் சோதித்தால் என் பந்தா குறைந்துவிடுமா என்ன? உள்ளே இருந்ததைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். பிளாப்பி வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டுமே என்று, பழைய சிஸ்டம் இருந்த பிளாப்பியையும் அழித்து அதிலேயே புதியதற்கு நகல் எடுத்தேன். அதன் பிறகுதான் அட்டைப் புரோகிராமைத் திறந்தேன். அது பழைய பதிப்புக்கென்றே எழுதியது. இந்தப் பதிப்பில் ஓட மாட்டேன் என்று ஒரே வரியில் சொல்லி நின்றுவிட்டது. சலோமி தட்டியதெல்லாம் தனிப் பிளாப்பிகளில் பத்திரமாக இருந்தது. திறக்கத்தான் முடியவில்லை.

வழி இல்லாமல் இல்லை. பாண்டிச்சேரிக் கடையில் கேட்டால் பழைய பதிப்பைக் கொடுத்திருப்பார்கள். "உங்களுது என்னாச்சுங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டும் இருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"அந்தப் பொண்ணு வேல முடிஞ்சதும் படக்குன்னு அணைச்சிடுது சார். அதான் எல்லாம் கெட்டுப்போச்சு."

டாக்டரிடம் இதை நான் சொன்னபோது சலோமி பக்கத்தில்தான் நின்றாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. அவள் நோட்டை எடுத்தாள்.

"அணைக்கிறதுக்கு முன்ன எத்தன நிமிஷம் வுடணும் சார்? சொல்லுங்க."

"பத்து நிமிஷம்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

நிரந்தரம் போயிற்று. புதுப் பதிப்பில் ஓடும் வேறொரு புரோகிராமில் ஆயிரத்தெண்ணூறு அட்டையையும் முதலிலிருந்து தட்டினாள். எட்டு மாதம் ஆனது. வேலை ஆறு மணிக்கு முடியும். ஆறு ஐந்துக்கு விழிதியூர் பஸ். பத்து நிமிடம் உட்கார்ந்தால் அது போய்விடும், அடுத்தது ஏழேகாலுக்குத்தான். தினமும் ஏழேகால் பஸ்ஸில்தான் போனாள்.

89இல் கிளினிக்குக்குப் புது மெஷின் வந்தது. அதற்குள் கொஞ்சம் புத்தி வந்திருந்தது எனக்கு. பழைய பதிப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வாரம் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். அவள் அட்டைகள் ஓர் எழுத்து பிசகாமல் திறந்தன. இன்றாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மாலையில் அவளிடம் போனேன்.

பட்டினச்சேரியிலிருந்து செல்லம் என்ற பெண்ணை டாக்டர் நிரந்தர வேலைக்கே எடுத்திருந்தார். சலோமி அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சதும் பத்து நிமிஷம் ஆறவுட்டுத்தான் அணைக்கணும்."

"எதுக்குக்கா?"

"நான் அவசரப்பட்டு ஒருதடவ எல்லாத்தயும் கெடுத்துட்டேன். சார்தான் கண்டுபிடிச்சிச் சொன்னாங்க."

சொல்லிவிட்டு என்னை நன்றியோடு பார்த்தாள்.

"இந்த மெஷினுக்கு அதெல்லாம் வேணாம்மா" என்றேன். என் வீரம் அவ்வளவுதான்.

"இருக்கட்டும் சார். பழக்கம் வுட்டுப்போயிடக் கூடாது."

ஆறு ஐந்து பஸ் வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. செல்லம் நோட்டில் 'பத்து நிமிஷம்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். இருவரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.