சித்தப்பா வைத்த தாய்லாந்துக் குழம்பு

என் நாக்கை ஏமாற்ற இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. படிப்பை ஐந்தாம் கிளாஸோடு விட்டவள்தான் நான். இன்றைக்கு ராஜபாளையத்தில் ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று என்று என் மெஸ் ஓடுகிறது. குழம்பில் ஒரு சொட்டு நாக்கில் பட்டால் போதும், உள்ளே என்னென்ன கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன். என் முன்னால் சட்டியைத் திறக்க மாஸ்டர்மாரே யோசிப்பார்கள். இந்த நாக்கு எனக்குச் சின்னதிலேயே வாய்த்துவிட்டது. அதற்குச் சாட்சி, எண்பதுகளில் எங்கள் வீட்டில் சித்தப்பா வைத்த தாய்லாந்துக் குழம்பு.

சித்தப்பா இங்கே மில்லில் பிட்டராக இருந்து, தாய்லாந்தில் ஒரு நூல் மில்லுக்கு வேலைக்குப் போனவர். லீவில் அவர் வந்து இறங்குவதற்குள்ளேயே அப்பா மம்சாபுரத்தில் பெண் பார்த்துவிட்டார். மறுநாள் அங்கே போய்க் கை நனைக்க வேண்டியதுதான் பாக்கி. சம்மதம் இல்லாமல் எங்கள் பக்கம் பெண் வீட்டுச் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பொறவு மாற முடியாது. சித்தப்பா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அப்பாவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமே இல்லை.

"அண்ணே, இன்னைக்கு நான் சமைக்கேன். சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்று மட்டும் சொன்னார்.

மார்க்கெட்டுக்குப் போய், தூத்துக்குடியிலிருந்து ஐஸில் வந்த இறாலும் கணவாயும் வாங்கி வந்தார். கண்மாய் மீனும் கருவாடும் தவிர எதையும் கண்டிராத வீடு எங்களுடையது. அம்மா கணவாயை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தாள்.

"ஏ தம்பி, இது என்ன சைக்கிள் டியூபா? பஞ்சர் ஒட்டணுமா?"

"வெந்த பொறவு சொல்லுங்க மதினி."

கவிச்சி சமைப்பதெல்லாம் புறவாசல் அடுப்பில்தான். தேங்காய்ப்பாலை நான் பிழிந்து கொடுத்தேன். எல்லாரும் கடைசியில் ஊற்றி இறக்குகிற முதல் பாலை, சித்தப்பா எடுத்த எடுப்பிலேயே காய்ந்த சட்டியில் ஊற்றினார். அம்மா பதறிப்போனாள்.

"பால் திரிஞ்சுபோகுமே!"

"திரியத்தான் மதினி வேணும். எண்ணெய் பிரியட்டும்."

பிரிந்தது. பிறகு பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். பாட்டிலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த பூப்போட்ட துணிப்பை ஒன்று அதற்கு. உள்ளே பச்சையாக அரைத்த மசாலா. அதை எண்ணெயில் போட்டு வதக்கியதும் கிளம்பிய வாசத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சட்டிக்கு மேல் மூக்கை நீட்டிக்கொண்டே நின்றேன்.

"சித்தரத்தை!" என்று கத்தினேன். சளி பிடித்தால் அம்மா உரசிக் கொடுப்பாளே, அந்த வாசம்.

"கொழம்பு வைக்கியா, கசாயம் காய்ச்சுதியா?" என்றாள் அம்மா.

நான் விடவில்லை. நார்த்தை இலை மாதிரி ஒன்று, எலுமிச்சை வாசமடிக்கிற புல் ஒன்று, பூண்டு, கொத்தமல்லி வேர், கருவாட்டை நசுக்கினது போல இன்னொன்று. சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, "ஏட்டி, நீ லேசுப்பட்ட ஆளில்ல" என்றார். நான் இப்படிக் கெட்டிக்காரத்தனம் காட்டிக்கொண்டிருந்தபோது, அம்மா குழம்பைப் பார்க்கவே இல்லை. அந்தத் துணிப்பையைத் திருப்பித் திருப்பி அதன் பொடித் தையலையே தடவிக்கொண்டிருந்தாள். பை அவளுக்குப் பிடித்துவிட்டது, கேட்டு வாங்கிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

அப்பா சாப்பிட உட்கார்ந்தார். சித்தப்பா குழம்பை ஊற்றினார். அப்பாவின் கை சோற்றுக்குப் போகிற நேரத்தில் அம்மா கேட்டாள்:

"இந்த மசாலாவ யாரு தம்பி அரைச்சது?"

சித்தப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவதான் மதினி. அண்ணனுக்குத்தான் மொதல்ல ஊத்தணும்னு சொல்லி விட்டா."

மில் கேன்டீனில் சமைக்கிற ஆச்சியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. சித்தப்பா தலையைத் தூக்கவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. அப்பா சாப்பிடாமல் அம்மா வாயில் பச்சைத் தண்ணீர் படாது. அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு ஒரு தட்டை இழுத்துப் போட்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து, எல்லாரும் பார்க்க ஒரு வாய் சாப்பிட்டாள்.

"காரம் சாஸ்திதான். ஆனா கைப்பக்குவம் இருக்கு" என்றாள், அப்பாவைப் பார்த்து.

அப்பா தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். அப்புறம் பிசைந்தார். ஒரு வாய், இன்னொரு வாய். கணவாயைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

"மம்சாபுரத்துக்கு நான் போய்ச் சொல்லிக்கிடுதேன். அவிய ஏசத்தான் செய்வாக. கேட்டுக்கிட வேண்டியதுதான்" என்றார். சொல்லும்போதே அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

காரம் ஏறிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே ஓடி ஒரு கை சீனி அள்ளி வந்து கொடுத்தேன். மறுக்காமல் வாயில் போட்டுக்கொண்டார். அடங்கியதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

சட்டியில் கிடந்ததை எல்லாம் அக்குவேறு ஆணிவேறாகச் சொன்னவள் நான். பொறவு நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். எனக்கு உறைக்காத குழம்பு அவருக்கு ஏன் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு உறைத்தது என்று அன்றைக்கு முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை.