ஊதுபத்தி ஓட்டை

சித்திரை மாதம், பகல் பதினொரு மணி. தேனியில் நான் ஏசி மெக்கானிக்காக இருந்த கார் சர்வீஸ் சென்டருக்குள் குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் போட்ட ஒருவர் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். கோம்பையில் வாழைத்தோப்பு வைத்திருக்கும் முருகேசன் அண்ணன். வண்டி வாங்கி இரண்டு மாதம்தான், அதற்குள் மூன்றாவது முறை வருகிறார்.

"ஏசியில இருபத்தி நாலுன்னு காட்டுது. உள்ள உக்காந்தா மூணாறு கணக்கா இருக்கு. எம் பொண்டாட்டி ஏற மாட்டேங்குறா. அவ பஸ்ல போறா, நான் பின்னாலயே கார்ல போறேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டையான்னு ஊரே கேக்குது."

இளைய மெக்கானிக்குகளுக்காகச் சொல்கிறேன். ஆட்டோ ஏசியில் நாம் டிகிரியை மட்டும் வைத்தால் போதும். ஸ்டீயரிங் பக்கத்தில் கம்பி போட்ட சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அதற்குள் உள்ள சென்சார் வண்டிக்குள் எவ்வளவு சூடு என்று சொல்லும். மெஷின் அதை நம்பிக் குளிரைக் கூட்டும், குறைக்கும்.

ஸ்கேனர் போட்டேன், எரர் இல்லை. கேஸ் பிரஷர் சரி. அரைமணி நேரம் உள்ளே உட்கார்ந்தேன், இருபத்து நாலில் சமர்த்தாக நின்றது. முதல் தடவை ஃபில்டரையும், இரண்டாம் தடவை ஃப்ளாப் மோட்டாரையும் மாற்றியிருந்தேன். இரண்டும் ஒரு பாவமும் அறியாதவை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு தடவ இந்த வண்டி கம்ப்ளெயின்டோட உள்ள வந்துச்சு, மறுநாள்ல இருந்து நீ வாட்டர் வாஷ்."

பதினெட்டு வருஷம் ஏசி பார்த்தவன் கையில் ஹோஸ் பைப். கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

மறுநாள் காலையில் பஸ் ஏறி கோம்பைக்கே போய்விட்டேன். அண்ணன் குளித்து, திருநீறு பூசி வந்தார். மூன்று ஊதுபத்தியைக் கொளுத்தி ஸ்டீயரிங்கைச் சுற்றிக் காட்டினார். காட்டிவிட்டு, மூன்றையும் சென்சார் ஓட்டையில் சொருகினார். வண்டிக்குள் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்த மெஷின், ப்ளோயரை முழு வேகத்தில் ஓட்டியது. அண்ணன் நிதானமாகக் குல்லாயை எடுத்து மாட்டினார்.

"அங்கன ஏண்ணே சொருகுறீக?"

"ஊதுபத்திக்குன்னே வச்ச ஓட்டை தானப்பா. தீந்துபோனா உத்தமபாளையத்துல நிப்பாட்டி இன்னும் மூணு சொருகுவேன்."

"சர்வீஸுக்கு வரும்போது ஒரு குச்சியைக்கூட நான் பாக்கலையே?"

"சாமிக்கு வச்சத நீங்க தட்டி விட்டுருவீகன்னு கேட்டுலயே எடுத்துருவேன்."

"இதுக்குன்னு வச்ச ஓட்டைன்னு யாருண்ணே சொன்னது?"

"டெலிவரி அன்னைக்கு உங்க மேனேஜர்தான் பூசை போட்டு அதுல சொருகுனாக. அவுகளப் பாத்துத்தான் நான் செய்யிறேன்."

கம்பியைக் கழற்றினேன். உள்ளே ஒரு கைப்பிடி சாம்பல். விஷயத்தைச் சொன்னதும் அண்ணனின் முகம் வாடிப்போனது.

"அப்ப சாமிக்கு எங்கன வைக்கிறது?"

நியாயமான கேள்வி. பின் சீட்டில் சந்தைக்குப் போகவேண்டிய வாழைத்தார் கிடந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தோம். ஒரு பழத்தைப் பிய்த்து, அதில் பத்தியைக் குத்தி, வண்டிக்கு முன்னால் தரையில் வைத்தார். அணைந்த பிறகு கிளம்பினோம். பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த அவர் மனைவி உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு ஏறினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சர்வீஸ் சென்டரில் ஒரு புதுக் கார் டெலிவரி நடந்துகொண்டிருந்தது. வாங்கிய குடும்பம் கைகூப்பி நிற்க, மேனேஜர் எரியும் பத்தியோடு அதே ஓட்டையை நோக்கிக் குனிந்தார். நான் ஓடிப்போய், அண்ணன் கொடுத்தனுப்பிய சீப்பிலிருந்து ஒரு பழத்தை நீட்டினேன்.

"இதுல குத்துங்க சார்."

குத்தினார். பிறகு அவர் ரூமில் விவரத்தைச் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். "இத வெளிய சொல்லாத" என்றார். வாட்டர் வாஷ் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

ஸ்கேனரில் எரர் இல்லையென்றால், கஸ்டமர் வீட்டிலிருந்து வண்டி எப்படிக் கிளம்புகிறது என்று ஒரு காலை போய்ப் பாருங்கள். என் டூல் பாக்ஸில் ஸ்கேனருக்குப் பக்கத்தில் இன்றும் ஒரு வாழைப்பழம் இருக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வேறு மெயின்டனன்ஸ் கிடையாது.