பஸ் காலும் இரண்டு சீட்டுக் காரும்

2006 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. திருவண்ணாமலையில் பேருந்து ஏறினோம், நானும் என் மனைவி தனலட்சுமியும். செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான் அரசுப் பேருந்து ஓட்டுநர் என்பதால் எனக்கு டிக்கெட் இல்லை. தனத்துக்கு முப்பது ரூபாய். மாடிப்படியில் விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்ட அவள் சித்தப்பா மகன் கதிரவனைப் பார்த்துவிட்டு வரத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செஞ்சிக் கோட்டை ஜன்னலில் தெரிந்தபோது அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"கதிருகிட்ட ஒண்ணு சொல்லிட்டேன். நீங்க கோச்சுக்கக் கூடாது."

"என்னா சொன்ன?"

"அவன் காரை வித்துட்டான் இல்ல, ஞாயித்துக்கெழம மாமல்லபுரத்துல கொண்டுபோய் விடணுமாம். கால் ஒடஞ்சி கெடக்குறான். எங்க வூட்டுக்காரர் ஓட்டிடுவார்னு சொன்னேன்."

"இதுல கோவிக்க என்னா இருக்கு?"

"எங்க சித்தி பக்கத்துலயே இருந்திருக்கு. பஸ் ஓட்டுறவரு அந்தக் காரை எப்படி ஓட்டுவாருன்னு கேட்டது போன்ல எனக்கும் காதுல விழுந்துச்சு. அதான் கொஞ்சம் அழுத்தமாவே சொல்லிட்டேன்."

பதினேழு வருடமாகத் திருவண்ணாமலை - வேலூர் ஓட்டுகிறேன். ஒரு கார் எனக்கு என்ன பெரிய காரியம் என்றுதான் தோன்றியது.

புதுச்சேரி பேருந்து நிலையத்துக்கு வெளியே மூலக்குளம் போகும் டெம்போ நின்றது. தலைக்கு நாலு ரூபாய். இந்திரா காந்தி சிலையைச் சுற்றி, ரெட்டியார்பாளையம் தாண்டி, வில்லியனூர் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். மூலக்குளத்தில் அப்போது ஒரு வீடு இருந்தால் பக்கத்தில் இரண்டு காலி மனை இருந்தது. எல்லாவற்றிலும் செங்கல்லும் ஜல்லியும் கொட்டிக் கிடந்தன. கதிரும் அங்கேதான் வீடு கட்டிக்கொண்டிருந்தான். முடிந்த இரண்டு அறையில் அவனும் அவன் அம்மாவும். முடியாத அறைக்கு முன்னால், தகரக் கொட்டகைக்குள் கார்.

பத்து வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் கார் அது. கரும்பச்சை நிறம். கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். இருப்பது இரண்டே இருக்கை. என் இடுப்பு உயரத்துக்குக்கூட இல்லை. அதற்குள் ஏறுவது என்று சொல்ல முடியாது, இறங்க வேண்டும். உட்கார்ந்ததும் கால்கள் இரண்டும் படுக்கையில் நீட்டினாற்போல நேராக நீண்டன.

கதிர் கட்டுப்போட்ட காலோடு, ஊன்றுகோலில் நின்றபடி சொன்னான்: "மாமா, கிளட்ச் மட்டும் பாத்துக்கங்க. போன மாசம் வாடகைக்கு ஒரு டிரைவர வெச்சேன். ஒரே நாள்ல பிளேட்டைக் கருக்கிட்டான். இப்ப போட்டிருக்கிறது சிங்கப்பூர்லேர்ந்து வரவழைச்சது. இதுவும் போச்சுன்னா அடுத்தது வர ஒரு மாசம் ஆவும். வாங்குறவரு அதுவரைக்கும் இருக்க மாட்டாரு."

"நான் பாத்துக்கறேன்" என்றேன்.

சாவியைத் திருப்பினேன். கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டு, காலை எடுத்தேன். கார் தவளைபோல ஒரு தாவு தாவி நின்றுவிட்டது. மறுபடியும் அதே. மூன்றாவது முறை கொட்டகையை விட்டு வெளியே வந்தது, ஆனால் தலை முன்னும் பின்னும் ஆட வந்தது. வாசலில் நின்ற சின்ன மாமியார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். சொல்லியிருந்தால் பரவாயில்லை.

என்ன கோளாறு என்று அன்று எனக்குப் புரியவில்லை. புதுப் பழக்கம், நாளைக்குச் சரியாகும் என்று படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு, கதிரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வில்லியனூர் பக்கம் கிளம்பினேன். இரண்டாவது, மூன்றாவது கியரில் கார் வழுக்கிக்கொண்டு போனது. ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டாம், நினைத்தால் போதும் என்பதுபோல இருந்தது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அப்போது அரும்பார்த்தபுரம் ரயில்வே கேட் மூடியது.

அங்கே ரோடு தண்டவாளத்தை நோக்கி மேடாக ஏறும். மேட்டில் நிறுத்தினேன். எனக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து ஒட்டி நின்றது. கண்ணாடியில் அதன் முகப்பு மட்டும்தான் தெரிந்தது. ரயில் போய்க் கேட் திறந்ததும் இரண்டு பக்கத்து வண்டிகளும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. காலை எடுத்தேன். கார் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினேன், நின்றது. அடுத்த முறை ஆக்சிலேட்டரை அழுத்திக் கிளட்சைப் பாதியில் பிடித்தேன். இன்ஜின் கத்தியது, கார் நகரவில்லை. பிறகு பின்னால் உருள ஆரம்பித்தது. கைபிரேக்கைக் கதிர்தான் இழுத்தான். உள்ளே தீய்ந்த வாடை நிரம்பியது. ஓட்டுநர் தொழிலில் இருக்கும் யாருக்கும் அந்த வாடை தெரியும்.

பஸ் ஓட்டுநர் இறங்கி வந்தார். என் வயதுதான் இருக்கும். காக்கிச் சட்டை, கழுத்தில் கைக்குட்டை. குனிந்து என்னைப் பார்த்தார்.

"வண்டி கத்துக்க ரயில்வே கேட்டுதான் கெடச்சுதா சார்? பின்னால அறுபது பேரை வெச்சிக்கினு நிக்கிறேன்."

நானும் டிரைவர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன நினைப்பேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இறங்கி, இரண்டு பேர் தள்ள, காரை ஓரமாக ஒதுக்கினேன். பஸ் போயிற்று. ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் காரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

சூடு ஆறியபிறகு உழவர்கரையில் கதிருக்குத் தெரிந்த மெக்கானிக் பட்டறைக்குப் போனோம். பாய் குனிந்து மோந்து பார்த்தார், கிளட்சை நாலைந்து முறை அழுத்திப் பார்த்தார்.

"பிளேட் இன்னும் இருக்கு. இன்னொரு தடவ இப்படி நாறினா நான் பொறுப்பில்ல."

"எப்படி ஓட்டணும் பாய்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது சார். இந்த மாதிரி வண்டி என் கைக்கு வர்றது இது ஒண்ணுதான். கழட்டுவேன், மாட்டுவேன். ஓட்டுறதுன்னா எனக்கே பயம்."

வீட்டுக்குத் திரும்பியதும் கதிர் மரியாதையாகவே சொன்னான்: "மாமா, விட்டுடுங்க. சென்னைலேர்ந்து இந்த மாதிரி வண்டி ஓட்டுற ஆள் யாராவது கெடைக்குறானான்னு கேட்டுப் பாக்குறேன்."

தனம் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் தன் பிறந்த வீட்டு ஆட்களிடம் என்னைப் பற்றி அழுத்தமாகச் சொன்னது இந்த ஒரு வார்த்தைதான் என்று எனக்குத் தெரியும்.

"சாயங்காலம் வரைக்கும் குடு" என்றேன். "ரோட்டுக்குப் போவ மாட்டேன். எதுத்த மனையிலேயே ஓட்டிப் பாக்குறேன். சரிப்படலன்னா நானே சாவியக் குடுத்துடறேன்."

அவன் யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

எதிரே நாலைந்து காலி மனைகள் சேர்ந்தாற்போல, சமதளமாகக் கிடந்தன. காரை நடுவில் நிறுத்திவிட்டு, இன்ஜினைப் போடாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கிளட்சை அழுத்துவதும் விடுவதுமாக என் காலையே கவனித்தேன். அப்போதுதான் பிடிபட்டது. பஸ்ஸில் நான் நாற்காலியில் உட்காருவதுபோல உயரத்தில் உட்கார்ந்து, தொடையைத் தூக்கி, மேலிருந்து மிதிக்கிறேன். எடுக்கும்போதும் முழுக் காலும் மேலே வருகிறது. அங்கே கிளட்ச் பிடிக்கிற இடம் ஒரு சாண் அகலம். அது வருவதைப் பாதத்தில் உணர வேண்டியதில்லை. கியர் கம்பி நடுங்கும், தரைத் தகடு அதிரும். இந்தக் காரில் அப்படி எதுவும் கிடையாது. இங்கே மிதிக்கக் கூடாது, முன்னால் தள்ள வேண்டும். பிடிக்கிற இடம் கடைசியில், விரல் அகலத்தில் இருந்தது. என் தொடை அந்த விரல் அகலத்தை ஒவ்வொரு முறையும் ஒரே எட்டில் தாண்டிக்கொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றினேன். குதிகாலைத் தரையில் ஊன்றினேன். தொடையை அசைக்காமல், கணுக்காலை மட்டும் மடக்கினேன். இன்ஜினைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமலே கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். நின்றுபோனது. மறுபடி. நின்றுபோனது. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. வெயில் தலையில் இறங்கியது. கெண்டைக்கால் கல்லாக இறுகியது. ஒரு முறை பாதத்துக்கு அடியில் மெல்லிய ஒரு துடிப்பு வந்தது. அங்கேயே காலை நிறுத்தினேன். கார் தானாக, எறும்புபோல நகர்ந்தது.

பிறகு விடவில்லை. நகர்த்துவேன், நிறுத்துவேன், நகர்த்துவேன். அவ்வளவுதான் வேலை. இடையில் இன்ஜின் உறுமும்போதெல்லாம் எதிர்வீட்டு மாடியில் ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். பிரெஞ்சுப் பள்ளியில் டீச்சர், தெருவில் எல்லாரும் மதாம் என்றுதான் சொல்வார்கள்.

"தூஸ்மா, முசே, தூஸ்மா" என்று கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார்.

எனக்குக் கிளட்ச் விடச் சொல்லித்தருகிறார் என்று நினைத்து, "சரிங்க மதாம், மெதுவாத்தான் விடறேன்" என்றேன்.

"சத்தத்தைச் சொல்றேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கினு இருக்கேன்."

தூஸ்மா என்றால் மெதுவாக, முசே என்றால் ஐயா என்று கதிர் பிறகு சொன்னான். நான் எடுத்துக்கொண்ட அர்த்தமும் தவறில்லை.

வெயில் தாழ்ந்ததும் ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேட்டில் ஏற்றி நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்துப் பார்த்தேன். மூன்று முறை சரியாக வந்தது, நாலாவது நின்றது, பிறகு நிற்கவில்லை. கதிரைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டேன். அண்ணா சாலையில் கடைக்கூட்டம் நெரிகிற நேரம். சிக்னலில் நின்று எடுத்து, நேரு வீதி முனையில் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஊர்ந்து திரும்பி வந்தோம். கார் ஒரே ஒரு இடத்தில் நின்றுபோனது. தீய்ந்த வாடை வரவில்லை. கதிர் வழிநெடுக என் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கூரையை மடித்தேன். கதிர் காரின் பத்திரங்கள் இருந்த உறையைத் தனத்திடம் நீட்டினான்.

"அக்கா, நீ போ. நான் பக்கத்துல உக்காந்தேன்னா அவரு கால மட்டும்தான் பாப்பேன். அவருக்கும் செரமம்."

"நானா? எனக்கு என்னாடா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். உறையக் குடுத்துட்டு வாங்குறவரு கிட்ட கையெழுத்து வாங்கினு வா."

சின்ன மாமியார், தனம் தலையில் கட்டிக்கொள்ள ஒரு பருத்தித் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். "பாத்துப் போங்க மாப்ள" என்றார். அதற்குமேல் நான் எதிர்பார்க்கவில்லை.

ஊரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினோம். பிள்ளைச்சாவடியில் ரோடே தெரியவில்லை. படகுகள் கரைக்கு வந்த நேரம். மீன் கூடைகளும், ஐஸ் ஏற்றிய வேனும், பேரம் பேசும் பெண்களும் தார் ரோட்டிலேயே இருந்தார்கள். முன்னால் ஒரு மாட்டுவண்டி. அதன் வேகத்துக்குத்தான் நாங்களும் போக முடியும். குதிகாலை ஊன்றினேன். பாதத்துக்கு அடியில் அந்தத் துடிப்பு வந்தது. அதை அங்கேயே வைத்துக்கொண்டேன். நகர்ந்தோம், நின்றோம், நகர்ந்தோம். ஒரு அம்மா கூடையை நகர்த்தாமலே, "காரு நல்லாருக்கு, மீன் வாங்கினு போ" என்று தனத்திடம் வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டினார். தனம் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். கூட்டம் முடிந்து ரோடு திறந்தபோதுதான் என் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பது தெரிந்தது. இன்ஜின் ஒரு தடவைகூட நின்றுபோகவில்லை.

காலாப்பட்டு தாண்டி நாலாவது கியர். வலது பக்கம் சவுக்குத் தோப்புகளின் இடைவெளியில் கடல் வந்துவந்து போனது. மரக்காணத்தில் உப்பளங்கள் வெள்ளையாக விரிந்தபோது தனம் கேட்டாள்.

"வண்டி ஓட்டுறப்ப உங்க மூஞ்சி இப்படித்தான் இருக்குமா?"

"எப்படி?"

"தெரியல. நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

உண்மைதான். கல்யாணமாகி என் பஸ்ஸில் அவள் ஏறியது நாலைந்து தடவை இருக்கும். கூட்டத்துக்கு நடுவில் என் முதுகைத்தான் பார்த்திருப்பாள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார பஸ்ஸில் இடம் கிடையாது. நான் மூன்றாவது கியருக்கு இறக்கி ஒரு லாரியை முந்தினேன். கிளட்ச் விட்டது எனக்கே தெரியவில்லை.

மாமல்லபுரத்தில் கடற்கரை விடுதி ஒன்றின் வாசலில் வாங்குபவர் காத்திருந்தார். சென்னையில் பல் டாக்டர். காரைச் சுற்றி வந்து, உட்கார்ந்து, ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் முதல் தடவையிலேயே வந்தது. முன்பே இப்படிக் கார் வைத்திருந்தவராம். "நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். நான் வைத்திருந்தது இரண்டு நாள்தான் என்று தனம் சொல்லவில்லை. உறையைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தத்துக்கு வந்து கதிருக்குப் போன் போட்டாள். "சேத்துட்டாருடா" என்றாள். அந்தப் பக்கம் சித்தியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவரிடமும் ஒரு தடவை சொன்னாள்.

அங்கிருந்து செங்கல்பட்டு, பிறகு திண்டிவனம், திருவண்ணாமலை. பேருந்துகளில்தான் திரும்பினோம். தனம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் மட்டும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநரின் இடது காலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தொடை தூக்கி, மேலிருந்து ஒரே மிதி. பத்தாயிரம் தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் எவ்வளவு முரட்டுத்தனம் என்று தெரிந்தது.

திங்கள்கிழமை, வேலூருக்கு முதல் நடை. திருவண்ணாமலை நிலையத்தில் பஸ்ஸைக் கிளப்பி, என்னை அறியாமல் குதிகாலைத் தரையில் ஊன்றினேன். பஸ் ஒரு குலுக்கு குலுக்கியது. நின்றிருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னாண்ணே, புது டிரைவர் மாதிரி?" என்றார் கண்டக்டர்.

"ரெண்டு நாளா புது டிரைவராத்தான் இருந்தேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, விசில் கொடுத்தார்.

போளூர் போவதற்குள் கால் தன் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. அதற்குள் திரும்பிவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.