நாலு என்று வைத்தது ஐந்தாக மாறியது

பேய், மாயம் என்று எவன் சொன்னாலும் சிரிக்கிற ஆள் நான். மூன்றாம் வகுப்போடு நின்று, முதுகில் ஏலக்காய் மூட்டை சுமந்து, போடியில் சொந்தக் கடை போட்டவன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் கடைவீதிக்கே முதல் கம்ப்யூட்டர் நான்தான் வாங்கினேன். ஒரு பெட்டி, அதிலிருந்து நாலு திரை. பெட்டிக்குள் கெர்னல் என்று ஒன்று, மற்றதெல்லாம் அது சொல்கிறபடிதான் ஓடுமாம். எத்தனை திரை சேரலாம் என்பதும் அதில் ஓர் எண்ணாக இருக்குமாம். மதுரை இன்ஜினியர் நாலு என்று வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் சோதித்தால் ஐந்து.

அதை மாற்றும் ரகசிய எண் எனக்கும் என் மனைவியின் தம்பி குமரேசனுக்கும்தான் தெரியும். பத்து வருடம் என்னோடு நின்றவன்தான், ஆனாலும் ஐந்தாவது திரையை வேறு வியாபாரி வீட்டில் வைத்து என் சரக்கு விவரத்தைக் காட்டுகிறானோ என்று சந்தேகம். கேட்டேவிட்டேன்.

"அந்தச் சோலியே எனக்குத் தெரியாது மச்சான். நீங்களே புது நம்பர் போடுங்க. அப்புறமும் மாறுனா நான் போயிர்றேன்."

இன்ஜினியர் மறுபடி நாலு வைத்தார். புது ரகசிய எண்ணை அவரைக்கூடத் திரும்பி நிற்கச் சொல்லித்தான் போட்டேன். கடைக்கு இரண்டு நாள் லீவு விட்டு, பெட்டியைச் சாக்கால் மூடித் தைத்து, என் மூட்டைகளுக்குப் போடும் முடிச்சைப் போட்டேன். அதை வேறு கை போட முடியாது. பிறகு போடிமெட்டில் காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போய்விட்டேன்.

திரும்பினால் முடிச்சு அப்படியே இருக்கிறது. இன்ஜினியரை வரவழைத்துப் பெட்டியை ஆன் செய்தால் ஐந்து.

"கெளம்பு மாப்ளே" என்றேன். சாவியை மேசையில் வைத்தான், அக்காவிடம்கூடச் சொல்லாமல் தேவாரம் பஸ்சில் ஏறிவிட்டான்.

அதற்கப்புறம்தான் இன்ஜினியர் மெதுவாகச் சொன்னார், மாற்றிய நேரம் பெட்டியிலேயே பதிந்திருக்கிறது, நேற்றுக் காலை பதினொரு மணி, அதுவும் என் புது எண்ணைப் போட்டுத்தான் என்று. அந்த நேரம் நான் மலையில் காய் பரப்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், சத்தியமாக. சாட்சிக்கு என் ஜீப் டிரைவரைக் கூப்பிட்டேன்.

"நேத்து ஒம்பது மணிக்கு ஜீப்பை எடுக்கச் சொன்னதே நீங்கதானண்ணே. கடைக்குப் போயிட்டு வெரசா திரும்பிட்டோமே. பின்னாடி லோடோட உக்காந்துக்கிட்டு ஒரு வார்த்தை பேசலை நீங்க."

லோடோடு உட்கார்ந்ததெல்லாம் மூட்டை சுமந்த காலத்தில்; சொந்த ஜீப் வாங்கிய நாளிலிருந்து நான் பின்னால் உட்கார்ந்ததே கிடையாது.

குமரேசனைக் கூப்பிடச் சொல்லி மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். கூப்பிட்டால், மாற்றியது நீ இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அப்போ யார் மச்சான் என்று அவன் கேட்பான்.