பதினோராவது கையெழுத்து

அன்று தங்கையின் காலேஜில், அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். விளையாட்டுக் கமிட்டியின் தலைவர், கமிட்டியின் பொருளாளர், விளையாட்டு மாஸ்டர், பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன், என் தங்கை, நான். வேறு யாரும் இல்லை. ஆண்கள் அணிக்காரர்கள் வெளியே சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிஜியின் தலைநகர் சுவாவுக்கு டோர்னமென்ட் ஆடப் போவதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை. பெண்கள் போவதென்றால் வீட்டுப் பெரியவர் ஒருவர் சம்மதம் எழுதித் தர வேண்டும். பத்து வீட்டிலிருந்து வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கையெழுத்துதான் பாக்கி. அதற்காகத்தான் என்னை எங்கள் ஊர் வரதோலியிலிருந்து பஸ் பிடித்து வரச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா இல்லை. அப்பா கரும்பு வெட்டில் இருந்தார். அவர் ஆபீஸ் கதவைக் கண்டாலே தொப்பியைக் கழற்றிவிட்டு வெளியே நின்றுவிடுவார். ஆகவே வீட்டுக் காகிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். நான் எட்டாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டில் மெஷின் போட்டு பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தேன். காகிதம் என்றால் எனக்குப் பயம். கையெழுத்து என்றால் அதைவிட.

இந்தியர் ஒருவர் பிரதமராக இருப்பது பிடிக்காதவர்கள் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஆட்சியைப் பிடித்த வருஷம் அது. அது நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது; இந்தியக் குடும்பங்கள் நாட்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தன. வருஷ ஆரம்பத்தில் தங்கையின் அணியில் பதினேழு பெண்கள் இருந்தார்கள். மூன்று பேர் ஆக்லாந்து போனார்கள், இரண்டு பேர் சிட்னி, ஒருத்தி கனடா. மிச்சம் பதினொன்று. அதில் என் தங்கை கோல் காப்பவள். அந்த இடத்தில் நிற்க வேறு யாருக்கும் தைரியம் கிடையாது.

கமிட்டி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. காலேஜில் ஆணும் பெண்ணும் ஆளுக்கு இருபது டாலர் விளையாட்டுக் கட்டணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் ஆண்கள் அணிக்கு வருஷா வருஷம் புது ஜெர்சி, புது பூட்ஸ். பெண்களுக்கு, ஆண்கள் போட்டுக் கழித்த பழைய ஜெர்சி. அக்குள் கிழிந்த அந்தப் பதினொன்றையும் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்தது நான்தான். எங்கள் பங்கு எங்கே என்று கேப்டன் கேட்டபோது, "முதல்ல சுவா டோர்னமென்ட்ல பதினொரு பேரா இறங்கி முழு நேரம் ஆடிக் காட்டுங்க. அப்ப உங்க பதினொரு பேர் கட்டணத்தையும் உங்க அணிக்கே தர்றோம். ஆள் குறைஞ்சா பெண்கள் அணியே கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள்.

கேப்டன் பிஜியின் பூர்வகுடிப் பெண். ஹிந்தி எங்களைவிட நன்றாகப் பேசுவாள். எங்கள் வீட்டில் பேச்சு பாதி ஹிந்தி, பாதி தமிழ். எல்லாவற்றையும் நான் தமிழிலேயே எழுதுகிறேன்; அக்கா என்பதற்கு அவர்கள் சொல்லும் தீதி, பெஹன்ஜி மட்டும் அப்படியே.

"கையெழுத்துப் போடுங்க தீதி. இவளை நான் பத்திரமா கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள் அவள்.

பொருளாளர் பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் பார்த்தது பேனாவை இல்லை. சுவா போகும் குவீன்ஸ் ரோட்டில் ராணுவத் தடுப்பு. சிகடோகாவில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குகிறார்கள் என்று கேள்வி. சுவாவின் சமபுலாவில் இந்தியர் கடைகளை உடைத்த மாதமே இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை; மைதானம் அந்தப் பக்கம்தான். அது போதாதென்று நியூஸிலாந்தில் குடியேற எங்கள் பேப்பர் போயிருந்தது. விசாவுக்கான மெடிக்கல் பரிசோதனை எந்த வாரமும் வரலாம். இவள் விழுந்து கை ஒடிந்தால் டாக்டர் என்ன எழுதுவார்? எக்ஸ்ரேயில் ஒடிந்த எலும்பு தெரிந்தால் விசா தருவார்களா? யாரிடம் கேட்பது?

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "இவளுக்கு நேர்த்திக்கடன் இருக்கு. வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில்ல காப்புக் கட்டறோம். பத்து நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது."

டோர்னமென்ட் ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. மறுநாள்தான் பூமிதி.

நேர்த்திக்கடன் எதுவும் இல்லை. நான் சொன்னது பச்சைப் பொய்.

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். "சாமி விஷயம்னா நாங்க என்ன சொல்ல முடியும்?" என்றார். பொருளாளர் நோட்டைத் திறந்து ஒரு கோடு போட்டார். 'பெண்கள் அணி' என்று இருந்த வரியின் மேல்தான் போட்டார் என்று தலைகீழாகவே எனக்குத் தெரிந்தது. பட்டியல் மறுநாள் பன்னிரண்டு மணிக்கு சுவாவுக்கு ஃபேக்ஸில் போகும், அதற்கு மேல் பெயர் சேர்க்க முடியாது என்று மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். கேப்டன் என் தங்கையைப் பார்த்தாள். தங்கை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றாள்.

பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வந்தோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் ஆரம்பித்தாள்.

"எப்ப வேண்டிக்கிட்ட?"

"மனசுல..."

"எப்பன்னு கேட்டேன். தேதி சொல்லு."

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அப்பாகிட்ட என்னடி சொல்வேன்?"

"எனக்கு என்ன ஆகும்? பந்து வரும், பிடிப்பேன். பந்து வரும், பிடிக்க மாட்டேன். அவ்வளவுதான அக்கா!"

"மெடிக்கல் வருது."

"மெடிக்கல்ல கைவிரலை எண்ணுவாங்களா?" என்று கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "பத்து பேர் வீட்டிலயும் பயம்தான். அவங்க அம்மாவெல்லாம் கையெழுத்துப் போட்டுட்டு பயப்படறாங்க. நீ மட்டும்தான் சாமியை இழுத்த."

அன்று அவள் சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், என் தட்டையும் கழுவினாள். கோபத்தில் சாப்பிடாமல் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நான் மெஷினில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு நாடா வைத்தேன், பிரித்தேன், மறுபடி வைத்தேன். மாரியம்மன் பெயரில் பொய் சொல்லியாகிவிட்டது. அவள் விளையாடாமல் இருந்தாலும் அம்மை வரும், விளையாடினாலும் கை ஒடியும், எல்லாம் என் வாயால்தான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

காலையில் பூசாரி வீட்டுக்குப் போனேன். அவர் வார நாட்களில் டாக்ஸி ஓட்டுவார். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு பொய் சொல்லிட்டேன்."

"போலீஸ்லயா?"

"காலேஜ்ல. மாரியம்மன் பேரைச் சொல்லி."

குழாயை மூடிவிட்டு முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் துணியைப் பிழிந்து பானெட்டின் மேல் போட்டார்.

"உன் தங்கச்சி வேண்டிக்கிட்டாளா?"

"இல்ல."

"அப்ப அவ கையில கயிறு ஏறாது. வேண்டாத ஆளுக்கு நான் கட்ட மாட்டேன்."

"அப்ப சொன்னது?"

"சொன்ன வாய் யாருது? அந்த வாய்க்குத்தான் காப்பு. வெள்ளிக்கிழமை குளிச்சிட்டு வா. பத்து நாள் கோயில்லயே இரு, எல்லையைத் தாண்டாத. சமையலுக்கு ஆள் பத்தல. போன வருஷம் காய் நறுக்கினவங்க பாதிப் பேர் இப்ப கனடாவுல நறுக்கறாங்க."

"பூ மிதிக்கணுமா அண்ணே?"

"அதை இப்பவே கேக்காத. பத்தாம் நாள் பார்ப்போம். முதல்ல போய் அந்த நோட்டுல போட்ட கோட்டை அழிச்சிட்டு வா." மணியைப் பார்த்தார். "ஏறு, பஸ் ஸ்டாண்ட்ல விடறேன். காசு வேணாம்."

நான் காலேஜுக்குள் நுழையும்போது பதினொன்றரை தாண்டியிருந்தது. அதே அறை. தலைவர், பொருளாளர், மாஸ்டர் மூவரும் இருந்தார்கள். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "நேத்து நான் சொன்னது பொய். அவளுக்குக் காப்பு இல்ல. எனக்குத்தான். அவ போகலாம்."

பொருளாளர் சிரித்தார். "நேத்து சாமி வேணாம்னுச்சு, இன்னைக்குச் சரின்னுச்சா பெஹன்ஜி?"

மாஸ்டர் அந்தச் சம்மதக் காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பேனாவை எடுத்தேன். பயம் வந்தால் எனக்குப் பேச்சு வரும். அதனால் கேட்டேன்.

"சார், பையன்களுக்கு யார் கையெழுத்துப் போட்டாங்க?"

"அவங்களுக்கு எதுக்கு? பையன்கள்தானே" என்றார் தலைவர்.

"ரோட்டுல துப்பாக்கி வெச்சிருக்கறவன் பையனா பொண்ணான்னு பார்த்தா சுடப் போறான்?"

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டுக்குப் பத்து காட்டியது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எனக்கு இன்னொரு பயம் வந்திருந்தது. இவர்கள் பணத்தைத் தராமல் விட்டால்?

"இன்னொண்ணு. அந்தக் கட்டணப் பணம் தர்றேன்னு சொன்னீங்களாமே. அதை எழுதிக் கொடுங்க."

"வாய்ச் சொல் போதாதா?" என்றார் பொருளாளர்.

"என் வாய்ச் சொல் எப்படின்னு நேத்து பார்த்தீங்களே சார். எனக்கு எழுத்துல வேணும்."

மாஸ்டர் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பொருளாளரிடம் கையசைத்தார். காலேஜ் தாளில் எழுதினார்கள்: பதினொரு பேர் இறங்கி முழு நேரம் ஆடினால், பெண்கள் அணிக்கு இருநூற்று இருபது டாலர். தலைவர் கையெழுத்துப் போட்டார். அதற்கு அப்புறம் நான் போட்டேன், ஒவ்வோர் எழுத்தாக. மாஸ்டர் என் சம்மதக் காகிதத்தையும் அணிப் பட்டியலையும் பிடுங்கிக்கொண்டு ஆபீஸ் அறைக்கு ஓடினார். ஃபேக்ஸ் மெஷின் கிர்ரென்று இழுக்கும் சத்தம் கேட்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை என் கையில் காப்பு ஏறியது.

எட்டு நாள் கழித்து, சனிக்கிழமை விடிவதற்கு முன்பே அணியின் பஸ் போனது. பூசாரி என்னைப் பூசணிக்காய் நறுக்க உட்காரவைத்திருந்தார். ஆறு மணிக்கு நாடியைத் தாண்டியிருப்பார்கள். எட்டுக்குள் சிகடோகா. அங்கே தடுப்பு. கோயில் வாசலில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். நியூஸ் வரும்போதெல்லாம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். எல்லாக் கட்சியும் பேசிக்கொண்டிருக்கிறது என்றார்கள். ஒரு கோல் காக்கும் பெண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

"பூசணி பொடியாப் போவுது பாரு" என்றார் பூசாரி. "கூட்டு வைக்கச் சொன்னேன், பாயசம் இல்ல."

ஊரடங்கு எட்டு மணிக்கு. ஐந்துக்கு வர வேண்டிய பஸ் ஆறுக்கு வரவில்லை, ஏழுக்கும் வரவில்லை. எல்லையைத் தாண்டக் கூடாது என்பதால் வாசல்வரை போவேன், திரும்புவேன். காப்புக் கட்டிய மற்ற பெண்கள் எனக்கு வழி விட்டார்கள்.

எட்டுக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது கேட்டுக்கு வெளியே அவள் நின்றாள். முழங்காலிலிருந்து கழுத்துவரை சேறு. ஹோட்டலில் கோழி சாப்பிட்டதால் உள்ளே வர மாட்டேன் என்றாள். நான் கம்பிக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்.

"எத்தனை கோல்?"

"ஒன்பது."

"ஒன்பது போட்டீங்களா!"

"வாங்கினோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பதினொரு பேரும்...?"

"கடைசி விசில் வரைக்கும் பதினொரு பேரும் நின்னோம் அக்கா. ஒருத்திக்குத் தசை பிடிச்சு நடக்கவே முடியல. வெளிய போனா பணம் போயிடும்னு கேப்டன் அவளை மூலையில நிக்க வெச்சா. அப்படியே நின்னா."

"சிகடோகாவுல?"

"இறக்கினாங்க. பந்துப் பையைக் கொட்டச் சொன்னாங்க. கேப்டன் அவங்க பாஷையில என்னமோ சொன்னா. ஒரு சிப்பாய் துப்பாக்கியை முதுகுல தள்ளிட்டு ரெண்டு தடவை பந்தைத் தட்டிப் பார்த்தான், மூணாவது கீழ விட்டான். நாங்க சிரிச்சோம். அவனும் சிரிச்சான். திரும்பி வர்றப்பதான் ரெண்டரை மணி நேரம் நிறுத்தி வெச்சாங்க."

வலது கையைப் பின்னால் வைத்திருந்தாள். காட்டச் சொன்னேன். சுண்டுவிரல் வீங்கி நீலமாக இருந்தது.

"எண்ணிப் பாரு, அஞ்சும் இருக்கு" என்றாள்.

மறுநாள் நான் பூ மிதித்தேன். யாரும் சொல்லவில்லை. வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். எத்தனை எட்டு வைத்தேன் என்று நினைவில்லை. அக்கரையில் பாலில் கால் வைத்ததும் அவள் விரலுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றியது.

விரல் ஒடியவில்லை. மெடிக்கலில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. அடுத்த வருஷம் அவள் ஆக்லாந்து போனாள். அப்பா வயலை விட்டு வர மாட்டேன் என்றார், நான் அவரோடு நின்றுவிட்டேன். அவள் இடத்தில் கோல் காக்க வேறொரு பெண் வந்தாள். பெண்கள் அணி என்ற வரியை யாரும் கோடு போட்டு அடிக்கவில்லை. சம்மதக் கையெழுத்தும் அடுத்த வருஷத்திலிருந்து பையன்களுக்கும் சேர்த்துக் கேட்டார்கள்; அது என்னால் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

பணத்தில் நூறு டாலர் அந்த மாதமே கொடுத்தார்கள். கோல் காப்பவளுக்கு ஒரு ஜோடி கையுறையும், பெண்கள் அளவில் தைத்த ஜெர்சிக்குத் துணியும் வாங்கினார்கள். மிச்சம் அடுத்த டெர்மில் என்றார் பொருளாளர். அடுத்த டெர்மில் அவரே பிரிஸ்பேன் போய்விட்டார். புதிதாக வந்தவர், பழையவரைக் கேளுங்கள் என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர் அப்படி ஒரு காகிதம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. என் தையல் மெஷின் இழுப்பறையில், பாபின் டப்பாவுக்கு அடியில். ஒவ்வொரு வருஷமும் புதுக் கேப்டன் வந்து அதை வாங்கிப் போய்க் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள். தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் மூன்று நகல் எடுத்துவைத்திருக்கிறேன்.

பெண்கள் அணிக்குக் காலேஜ் இன்னும் தர வேண்டியது நூற்று இருபது டாலர்.