அத்தானின் துரு

என் அத்தான் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். முப்பத்தாறு வருஷம் ஒரே பட்டறையில், ஒரே மூலையில் நின்று, ஊரார் இடித்து நசுக்கிக்கொண்டு வந்த வண்டிகளைச் சுரண்டி, பட்டி பூசி, தேய்த்து, புத்தம் புதிதாக்கி அனுப்பினார். ஒரு பொட்டுத் துரு கண்ணில் பட்டாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது என்று பட்டறையில் பேச்சு. வீட்டில் கதையே வேறு.

வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய கார் நின்றது. உருண்டை முகமும் நீண்ட மூக்குமாக, எங்கள் அப்பா காலத்து வண்டி. பெயின்ட் அடிக்க விட்டுவிட்டுப் போன புண்ணியவான் திரும்பி வரவே இல்லை. எட்டு வருஷம் பட்டறை வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. முதலாளி அதை உடைக்கச் சொன்ன அன்று அத்தான் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அக்கா துணி காயப்போடும் இடம் போயிற்று. நாளடைவில் டயர்கள் மண்ணில் புதைந்தன, போனெட்டில் விழுந்த ஓட்டை வழியாக ஒரு கொய்யாச் செடி எட்டிப் பார்த்தது.

வேலை முடிந்து வந்ததும் டீ டம்ளரோடு அந்த டிரைவர் சீட்டில் போய் உட்காருவார். தினம் ஒரு மணி நேரம். எதிரே சமையலறைச் சுவரைத் தவிர வேறு காட்சி கிடையாது.

“அப்படி என்னதான் இருக்கு அத்தான் இதுல?” என்று ஒருநாள் கேட்டேன்.

வலது கதவைக் காட்டினார். “இந்தத் துரு போன வருஷம் நாய்க்குட்டி மாதிரி இருந்துச்சு மச்சான். இப்பப் பாரு, ஒட்டகம்.”

எனக்கு நாயும் தெரியவில்லை, ஒட்டகமும் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊருக்கே பார்வை சோதித்துச் சொல்கிறவன். அந்த லட்சணத்தில்தான் அத்தானின் மனசையும் சோதித்தேன். பாவம், வண்டியைச் சரிசெய்ய ஆசை, ஆனால் நேரம் கிடைக்கவில்லை என்று அக்காவிடம் போய் ஓதினேன்.

அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அத்தான் வேலையிலிருந்து ஓய்வுபெற ஒரு மாதம்தான் இருந்தது.

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவருக்குன்னு நான் செஞ்ச எதுவும் சரியா அமைஞ்சதில்லடா. சட்டை எடுத்தா தொளதொளன்னு இருக்கு, செருப்பு வாங்குனா கடிக்குது. இது ஒண்ணையாவது அவர் வாயைப் பிளக்கிற மாதிரி செய்யணும்.”

ஓய்வுபெற்ற மறுவாரமே பேத்தியைப் பார்க்க அத்தானை மகள் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். பட்டறை ஆட்கள் வந்து கொய்யாச் செடியை வெட்டி வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குருநாதர் வண்டி என்று ஆளாளுக்குப் போட்டி போட்டுத் தேய்த்தார்கள். ஆறு வாரத்தில் அது தக்காளிச் சிவப்பில், முகம் பார்த்துத் தலை சீவலாம் என்கிற பளபளப்பில், தானே ஓடிவந்து வாசலில் நின்றது. அக்கா புதுப்புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அத்தான் வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, “யாரு வந்திருக்கா?” என்றார்.

அக்கா சாவியை நீட்டினாள்.

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்போது அவர் முகம் சுருங்கிப்போயிற்று. உடனே சமாளித்துக்கொண்டு, “பிரமாதம்” என்றார். அத்தான் வாயில் அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. அக்காவை ஏற்றிக்கொண்டு நாலு தெரு சுற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உள்ள உட்கார்ந்தா வேலைக்குப் போன மாதிரி இருக்கு மச்சான். கண்ணு தானா குறை தேடுது. முன்னாடி அதுபாட்டுக்கு அது கெட்டுக்கிட்டிருந்துச்சு, நான்பாட்டுக்கு நான் பார்த்துக்கிட்டிருந்தேன். யாரும் என்னை எதையும் சரிபண்ணச் சொல்லலை.” பிறகு விரலை நீட்டி, “உங்கக்கா காதுல இது விழுந்துச்சு, உன்னைத் தொலைச்சுடுவேன்” என்றார்.

யோசனை சொன்ன பாவி நான்தானே, வாயைப் பொத்திக்கொண்டேன். அத்தான் வண்டிப்பக்கம் போவதை விட்டுவிட்டார். மாலை முழுக்கச் சமையலறையில் அக்கா காலில் இடறிக்கொண்டு, டப்பாக்களின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். பார்க்கச் சகிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலையில், அக்காவின் கண்ணாடியைப் பழுது பார்த்துக் கொடுக்கப் போனேன். அத்தான் பால் வாங்கப் போயிருந்தார். அக்கா காருக்குப் பக்கத்தில் குத்தவைத்து, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் கதவின் அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி. சுரண்டிய இடத்தில் ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு ஊற்றினாள்.

“என்னக்கா இது?”

“உப்புத்தண்ணி.” அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “நீ சொல்லலைன்னா எனக்குத் தெரியாதா? வண்டியை ஏறெடுத்துப் பார்க்கவே மாட்டேங்கிறார். கேட்டா பிரமாதம்ங்கிறார்.”

“அவர்கிட்டச் சொல்லிட்டியா?”

“சொன்னா, நான் ஆசையா செஞ்சதை நானே கெடுக்குறேன்னு வருத்தப்படுவார். வாயைத் திறக்காதே.”

“விடுக்கா, தானா துருப்பிடிக்கும்.”

“தானா பிடிக்க இருபது வருஷம் ஆகும்டா,” என்றாள். “அவருக்கு இப்பவே அறுபத்திரண்டு.”

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கக் கதவுக்குப் போனேன்.